போட்டோ வேறு, இமேஜ் வேறு: 'படம்' என்ற ஒரே சொல்லில் நாம் தொலைக்கும் வித்தியாசங்கள்

2023 ஏப்ரலில் ஜெர்மானியக் கலைஞர் போரிஸ் எல்டாக்சன், சோனி உலகப் புகைப்பட விருதுகளில் தனக்குக் கிடைத்த பரிசை வேண்டாம் என்று மறுத்தார். பரிசுக்குரிய படைப்பு பார்வைக்கு 1940களின் கறுப்பு வெள்ளை ஆல்பத்திலிருந்து உருவியதுபோல் இருக்கும். ஒரு பெண், அவள் தோளுக்குப் பின்னால் இன்னொரு பெண். இருவருமே எங்கும் வாழ்ந்தவர்கள் அல்ல. செயற்கை நுண்ணறிவு மென்பொருள் செய்து கொடுத்த முகங்கள் அவை.

அவர் மறுத்ததற்கான காரணத்தை ஆங்கிலத்தில் ஒரு வரியில் சொல்லிவிடலாம்: இது இமேஜ், ஆனால் போட்டோகிராஃப் அல்ல. தமிழில் இரண்டையும் 'படம்' என்று எழுதிப் பாருங்கள். "என்னுடைய படம் படம் அல்ல, எனவே படங்களுக்கான பரிசு இந்தப் படத்துக்கு வேண்டாம்" என்று வந்து நிற்கும்.

பிக்சர், இமேஜ், போட்டோ, டிராயிங், பெயிண்டிங், ஸ்கெட்ச், இல்லஸ்ட்ரேஷன், டயகிராம், சார்ட், கிராஃப், மேப், ஃபிகர், போர்ட்ரெய்ட். அகராதியைப் புரட்டினால் இவற்றில் பாதிக்குமேல் 'படம்' என்றே பொருள் போட்டிருக்கும். அது பிழையல்ல. ஆனால் அந்தச் சொற்கள் பிரிந்து நிற்பதற்குக் காரணம் இருக்கிறது. அந்தக் காரணம் செய்தி, சட்டம், கணினி என்று எல்லா இடத்திலும் இப்போது குறுக்கே வருகிறது.

தமிழ் வினையில் சொல்கிறது, ஆங்கிலம் பெயரில் சொல்கிறது

தமிழுக்கு இந்த வேறுபாடு தெரியாது என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். படம் எடுத்தான் என்றால் கையில் கேமரா இருந்தது. வரைந்தான் என்றால் பென்சிலோ பேனாவோ இருந்தது. தீட்டினான் என்றால் தூரிகையும் வண்ணமும். படம் போட்டான் என்றால் தாளில் கிறுக்கியிருக்கலாம், தியேட்டரில் ஓட்டியும் இருக்கலாம். படம் காட்டினான் என்றால் வெறும் பாவ்லா. (பாம்பு எடுக்கும் படம் தனிக் கணக்கு.)

அதாவது, ஒரு படம் எப்படி உண்டானது என்ற தகவலை நாம் வினைச்சொல்லில் வைத்திருக்கிறோம். ஆங்கிலம் அதைப் பெயர்ச்சொல்லிலேயே அடைத்துவிடுகிறது. முழு வாக்கியமாகப் பேசும்வரை இதனால் நஷ்டமில்லை. வினை உதிர்ந்துவிடும் இடங்களில்தான் சிக்கல்: தலைப்புச் செய்தி, படத்துக்குக் கீழே போடும் குறிப்பு, செயலியில் இருக்கும் பொத்தான், பாடநூலின் கலைச்சொல் பட்டியல். அங்கெல்லாம் 'படம்' மட்டும் தனியாக நிற்கும். எடுத்ததா, வரைந்ததா என்று கேட்க ஆளில்லை.

பேச்சுத்தமிழ் இதற்கு எப்போதோ வழி கண்டுவிட்டது. ஸ்டூடியோவுக்குப் போய் போட்டோ எடுக்கிறோம். பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர் இருக்கிறார். கணக்குக்கு கிராஃப் நோட், பொருட்காட்சிக்கு சார்ட் அட்டை. ஊரில் தலைகுனிவு வந்தால் இமேஜ் போச்சு என்கிறோம், போட்டோ போச்சு என்று யாரும் சொல்வதில்லை. அந்தக்காலப் பெரியவர்கள் பார்த்துவிட்டு வந்தது பிக்சர். ஆங்கிலம் படிக்காதவர்கூட இந்தச் சொற்களை இடம் மாற்றிப் போடமாட்டார்.

'படம்' என்ற சொல்லின் பழைய பொருள் துணி. பேகன் மயிலுக்குக் கொடுத்ததைப் புறநானூறு 'படாம்' என்கிறது, யானையின் நெற்றியில் தொங்குவது முகபடாம். துணியில் எழுதிய சித்திரம் படமாகி, பிறகு எல்லாச் சித்திரமும் படமாகிவிட்டது. ஆங்கிலத்தின் 'மேப்' என்ற சொல்லுக்கும் இதே கதைதான். லத்தீனில் 'மாப்பா' என்றால் துண்டுத் துணி.

பிரித்துப் பார்க்க மூன்று கேள்விகள்

இந்தச் சொற்களை அகரவரிசையில் மனப்பாடம் செய்வதில் பயனில்லை. ஒவ்வொரு சொல்லும் ஒரு கேள்விக்கான பதில் என்று எடுத்துக்கொண்டால் வேலை சுலபம்.

1. எப்படி உண்டானது? போட்டோ, டிராயிங், பெயிண்டிங் ஆகியவை இதற்குப் பதில் சொல்கின்றன.
2. எந்த வேலைக்காக? இல்லஸ்ட்ரேஷன், டயகிராம், சார்ட், மேப், ஓரளவுக்கு ஸ்கெட்ச்.
3. எதன் சாயல்? இமேஜ், போர்ட்ரெய்ட்.

கேள்விகள் வெவ்வேறு என்பதால் ஒரே பொருளுக்கு இரண்டு மூன்று பெயர்கள் பொருந்தலாம். ஒரு முதியவரின் முகத்தை கேமராவில் எடுத்து, கட்டுரைக்கு நடுவே அச்சிட்டால் அது போட்டோ, போர்ட்ரெய்ட், இல்லஸ்ட்ரேஷன் மூன்றும்தான். பிக்சர் மட்டும் எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லாமல் எல்லாவற்றுக்கும் பொதுவாக உட்கார்ந்திருக்கிறது. நம் 'படம்' என்ற சொல்லுக்கு ஆங்கிலத்தில் மிக நெருங்கிய உறவு அதுதான்.

பிக்சரும் இமேஜும்

இரண்டையும் மாற்றி மாற்றிப் போடுபவர்களே அதிகம். வேர்களைப் பார்த்தால் பிரியும். பிக்சர், வண்ணம் பூசுவதைக் குறிக்கும் லத்தீன் வினையிலிருந்து வந்தது. பெயிண்ட், பிக்மென்ட் இரண்டும் அதன் உறவினர்கள். ஆக, பிக்சர் என்றால் ஒரு பரப்பில் யாரோ உண்டாக்கி வைத்த ஒன்று. சுவரில் மாட்டலாம், கிழிக்கலாம்.

இமேஜின் மூலம் 'இமாகோ', அதாவது சாயல். பண்டைய ரோமில் உயர்குடி வீடுகளின் முன்கூடத்தில் முன்னோரின் முகங்களை மெழுகில் செய்து வைத்திருப்பார்கள். வீட்டில் சாவு விழுந்தால் அந்த முகங்களை அணிந்துகொண்டு ஆட்கள் ஊர்வலத்தில் நடப்பார்கள். அந்த மெழுகு முகங்களுக்குப் பெயர் 'இமாகினேஸ்'. இமேஜ் என்பதற்குப் பரப்பு தேவையில்லை, தாள் தேவையில்லை. ஒன்றைப் போலவே இன்னொன்று இருந்தால் போதும்.

கண்ணாடியில் தெரிவது இமேஜ், அதை பிக்சர் என்று சொல்லமுடியாது. கவிஞர் சொல்லால் மனத்தில் எழுப்புவதும் இமேஜ். அரசியல்வாதி காப்பாற்றிக்கொள்ளப் பாடுபடுவதும் அதுவே. கணினியில் ஒரு வட்டின் உள்ளடக்கம் முழுவதையும் அச்சுப் பிசகாமல் ஒரே கோப்பாக நகலெடுத்தால் அதை டிஸ்க் இமேஜ் என்கிறார்கள். அதில் பார்க்க எதுவுமே இல்லை, ஆனால் மூலத்தின் சாயல் முழுமையாக இருக்கிறது. தமிழ் பைபிளை மொழிபெயர்த்தவர்கள் இதை நன்றாகப் பிடித்திருக்கிறார்கள். கடவுள் மனிதனைப் படைத்த இடத்தில் ஆங்கிலத்தின் இமேஜுக்கு அவர்கள் எழுதியது 'சாயல்'.

கருந்துளை விஷயத்திலும் இந்தச் சொல் முக்கியம். 2019 ஏப்ரல் 10 அன்று எம்87 விண்மீன் மண்டலத்தின் நடுவிலுள்ள கருந்துளையை உலகமே பார்த்தது. கறுப்பு வட்டம், சுற்றிலும் ஆரஞ்சு வளையம். பல செய்தித்தாள்கள் 'முதல் புகைப்படம்' என்று போட்டன. விஞ்ஞானிகள் சொன்ன சொல் இமேஜ். எட்டு ரேடியோ தொலைநோக்கிகள் 1.3 மில்லிமீட்டர் அலைநீளத்தில் சேகரித்த தரவுகளைக் கணினியில் கோத்து உருவாக்கியது அது. கண்ணுக்குத் தெரியும் ஒளி அதில் இல்லை, ஆரஞ்சு நிறம் மனிதர்கள் தேர்ந்தெடுத்தது. ஆனாலும் அது கற்பனையல்ல, அளந்த உண்மையின் சாயல். ஊர் ஊராக இருக்கும் ஸ்கேன் சென்டர்களின் பலகையில் 'இமேஜிங்' என்று எழுதியிருப்பதற்கும் இதே காரணம்தான். வயிற்றுக்குள் இருக்கும் குழந்தையை அங்கே ஒளி காட்டுவதில்லை, ஒலி காட்டுகிறது.

போட்டோ: ஒரு சாட்சி

கிரேக்கத்தில் 'ஃபோட்டோ' ஒளி, 'கிராஃபே' எழுத்து. 1839இல் ஆங்கிலேய விஞ்ஞானி ஜான் ஹெர்ஷல் இந்தச் சொல்லைப் பரப்புவதற்குமுன், இந்த முறையைக் கண்டுபிடித்தவர்கள் ஆளாளுக்கு ஒரு பெயர் வைத்திருந்தார்கள். நியெப்ஸ் தன்னுடையதை ஹீலியோகிராஃப் என்றார். டால்பட் வைத்த பெயர்தான் சுவாரசியம்: போட்டோஜெனிக் டிராயிங். கையில்லாமல் ஒளியே வரைந்த டிராயிங் என்று அவர் நினைத்தார். டிராயிங் என்ற சொல் விரைவிலேயே உதிர்ந்துவிட்டது. வரைபவர் தான் பார்க்காததையும் வரையலாம். ஒளியோ, எதிரே இருந்த பொருளில் பட்டுத்தான் வரவேண்டும்.

இந்த உறவைத்தான் அமெரிக்கத் தத்துவ அறிஞர் பியர்ஸ் 'இண்டெக்ஸ்' என்றார். புகை நெருப்பைக் காட்டுவதுபோல, காலடித்தடம் நடந்தவரைக் காட்டுவதுபோல. ஒரு படத்தை போட்டோ என்று அழைக்கும்போதே "இது கேமராவுக்கு முன்னால் இருந்தது" என்று சாட்சி சொல்லியாகிவிட்டது.

2024 மார்ச்சில் பிரிட்டன் இளவரசி கேத்ரினும் குழந்தைகளும் இருக்கும் அன்னையர் தினப் படம் வெளியானது. மகள் சார்லட்டின் கம்பளிச் சட்டைக் கை ஓரிடத்தில் ஒட்டாமல் அறுந்து நின்றது. ஏபி, ராய்ட்டர்ஸ், ஏஎஃப்பி உள்ளிட்ட செய்தி நிறுவனங்கள் படத்தைத் திரும்பப் பெற்றன. அம்மாவும் பிள்ளைகளும் நிஜம், சிரிப்பும் நிஜம். குடும்பப் படமாக அதில் ஒரு குறையும் இல்லை. செய்தி போட்டோவாகத்தான் அது தோற்றது. தானே எடிட் செய்து பார்த்ததாக இளவரசி மறுநாள் வருத்தம் தெரிவித்தார்.

அதே ஆண்டு மெட்டா நிறுவனம் எதிர்ப்பக்கமிருந்து இதே சுவரில் முட்டிக்கொண்டது. பேஸ்புக், இன்ஸ்டாகிராமில் 'ஏஐயால் உருவாக்கப்பட்டது' என்று முத்திரை குத்தத் தொடங்கினார்கள். கேமராவில் எடுத்த போட்டோவில் சின்னதாக எதையாவது துடைத்திருந்தாலும் முத்திரை விழுந்தது. புகைப்படக்காரர்கள் கொதித்தார்கள். ஜூலையில் அதை 'ஏஐ தகவல்' என்று மாற்ற வேண்டியதாயிற்று. என்னைக் கேட்டால், 'உருவாக்கப்பட்டது' என்ற வினைதான் அவர்களைக் காட்டிக்கொடுத்தது. எடுத்ததை உருவாக்கியதாகச் சொன்னால் எடுத்தவருக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்?

கையால் ஆனவை

டிராயிங் என்ற சொல்லுக்குள் இருப்பது 'இழு' என்ற வினை. முனையைப் பரப்பின்மேல் இழுத்துக்கொண்டு போனால் கோடு வருகிறது. பெயிண்டிங்கில் கோடு முக்கியமில்லை, பரப்பை நிறம் மூடவேண்டும். ஸ்கெட்ச் அவசரத்தில் போட்டது, பிறகு செய்யப்போவதற்கு முன்னோட்டம். நம் ஊரில் ஆளைத் தூக்கத் திட்டம் தீட்டுவதை 'ஸ்கெட்ச் போடுறது' என்பார்கள். விளையாட்டாக வந்த வழக்கு என்றாலும் சொல்லின் மூல அர்த்தத்தை விட்டு விலகவில்லை.

நெடுநல்வாடையில் 'புனையா ஓவியம்' என்று ஒரு தொடர் வருகிறது. கணவனைப் பிரிந்து, அணிகளைக் களைந்துவிட்டு இருக்கும் அரசிக்கு அது உவமை. வண்ணம் ஏற்றாமல் கோட்டளவில் நிற்கும் சித்திரம் என்று உரையில் விளக்கம் உண்டு. டிராயிங்குக்கு இதைவிட நல்ல தமிழ்ச்சொல்லை நான் பார்த்ததில்லை. கோட்டோவியம் என்று இப்போது எழுதுகிறோம், அதுவும் சரிதான்.

கோட்டுக்கும் நிறப்பரப்புக்கும் உள்ள இந்த வேறுபாடு கணினிக் கோப்புகளிலும் உண்டு. ஜேபெக் (JPEG) என்ற பெயரின் இரண்டாம் எழுத்து போட்டோகிராஃபிக் என்ற சொல்லுக்கானது. வானம் மெதுவாக வெளுப்பதுபோன்ற நிறமாற்றங்களைச் சுருக்கத்தான் அதை வடிவமைத்தார்கள். கறுப்பு மையில் போட்ட கோலத்தை ஜேபெக்காக நன்கு சுருக்கிச் சேமித்துப் பெரிதாக்கிப் பாருங்கள். ஒவ்வொரு கோட்டையும் சுற்றி ஈ மொய்த்ததுபோல் அழுக்குப் புள்ளிகள் இருக்கும். பிஎன்ஜி கோப்பில் அந்த அழுக்கு வராது. அதன் பெயரில் இருப்பது 'கிராஃபிக்ஸ்'.

வேலைக்காக வந்தவை

இல்லஸ்ட்ரேஷன் என்பதன் வேர் 'வெளிச்சம் போடு'. பக்கத்தில் ஒரு எழுத்து இருக்கவேண்டும், அதற்கு விளக்குப் பிடிப்பதுதான் இதன் வேலை. எழுத்து இல்லாவிட்டால் இல்லஸ்ட்ரேஷன் இல்லை. பிஸ்கட் பாக்கெட்டின் மூலையில் பொடி எழுத்தில் 'படம் விளக்கத்துக்காக மட்டுமே' என்ற பொருளில் ஆங்கிலத்தில் எழுதியிருப்பார்கள். மேலே பாதாமும் முந்திரியும் கொட்டுவது போட்டோவாகவே இருக்கலாம். ஆனால் "இதைச் சாட்சியாக எடுத்துக்கொள்ளாதே, உள்ளே இப்படி இருக்கும் என்று நாங்கள் சொல்லவில்லை" என்பதுதான் அந்த வரியின் பொருள். அடுக்குமாடி விளம்பரங்களில் வரும் 'ஆர்ட்டிஸ்ட் இம்ப்ரெஷன்' அதற்கும் ஒருபடி கீழே. கட்டடமே இன்னும் எழும்பவில்லை.

டயகிராம் அழகைப் பற்றிக் கவலைப்படாது, தோற்றத்தைப் பற்றியும் படாது. பாகங்களுக்குள் என்ன தொடர்பு என்பதை மட்டும் காட்டும். 'படம் வரைந்து பாகங்களைக் குறி' என்று தேர்வில் கேட்பது டயகிராமைத்தான். இதயத்தை நிழல் தட்டி உயிரோட்டமாக வரைந்துவிட்டுப் பெயர் எழுதாமல் வந்தால் மதிப்பெண் போய்விடும். லண்டன் பாதாள ரயிலுக்கு ஹாரி பெக் வரைந்து 1933இல் வெளிவந்தது பெயரளவில் மேப், தன்மையில் டயகிராம். அவர் வேலை மின்சுற்றுப் படங்களோடு பழகிய வரைவாளர் வேலை. கோடுகளை நேராகவும் சாய்வாகவும் மட்டும் போட்டு, நிலையங்களுக்கு நடுவேயுள்ள உண்மைத் தூரத்தைக் கைவிட்டார். எந்த நிலையத்தில் மாறவேண்டும் என்பது பயணிக்குத் தெளிவாகத் தெரிந்தது. நடந்துபோக நினைப்பவரை அது ஏமாற்றிவிடும்.

மேப் இடத்தைக் காட்டும், கிராஃப் அளவுகளுக்கு இடையிலான உறவைக் காட்டும், சார்ட் எண்களையோ தகவலையோ பார்த்ததும் புரியும்படி அடுக்கும். வில்லியம் பிளேஃபேர் 1786இல் கோட்டுச் சித்திரங்களையும் பட்டைகளையும், 1801இல் வட்டத்தை வெட்டிக் காட்டும் பை சார்ட்டையும் அச்சில் கொண்டுவந்தார். தமிழ்ப் பாடநூல்களில் மேப்பும் வரைபடம், கிராஃபும் வரைபடம். சமூக அறிவியல் முடிந்து கணக்குப் பீரியட் வந்ததும் மாணவர் பொருளை மாற்றிக்கொள்ளவேண்டும். நிலப்படம், வரைகோட்டுப்படம் என்று பிரித்து எழுதுவதில் யாருக்கும் நஷ்டமில்லை.

சட்டப் புத்தகத்தில் சொல் மாறினால்

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957, கலைப்படைப்பு என்பதற்கு விளக்கம் சொல்லும்போது பெயிண்டிங், டிராயிங், போட்டோகிராஃப் என்று தனித்தனியாக எண்ணுகிறது. டயகிராம், மேப், சார்ட், பிளான் நான்கும் டிராயிங்குக்குள் அடக்கம். கலைநயம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பாதுகாப்பு உண்டு. இதனால் வரும் விளைவுகளில் இரண்டு:

1. 2012 திருத்தம் வரும்வரை ஓவியத்துக்கு ஓவியரின் ஆயுளும் அதற்குமேல் 60 ஆண்டுகளும் உரிமை. போட்டோவுக்கு வெளியானதிலிருந்து 60 ஆண்டுகள் மட்டும். ஒரே கோயில் கோபுரத்தை ஒருவர் தீட்டி, இன்னொருவர் எடுத்திருந்தால், எடுத்தவருக்குக் குறைவு. திருத்தம் அந்தப் பாகுபாட்டை நீக்கியது.

2. காசு கொடுத்து ஒருவரை எடுக்கவோ தீட்டவோ சொன்னால், வேறு ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில், போட்டோ, பெயிண்டிங், போர்ட்ரெய்ட் ஆகியவற்றின் முதல் உரிமையாளர் காசு கொடுத்தவர். கல்யாண ஆல்பம் கல்யாண வீட்டுக்காரருடையது. ஆனால் 17ஆம் பிரிவின் அந்தப் பட்டியலில் டிராயிங் என்ற சொல் இல்லை. சம்பள ஊழியராக இல்லாமல் தனியாக வேலை எடுத்துச் செய்பவரிடம் ஒரு டயகிராம் வரைந்து வாங்கினால், எழுத்துமூலம் மாற்றிக்கொள்ளாதவரை உரிமை வரைந்தவரிடமே இருக்கிறது. பில்லில் 'படம்' என்று மட்டும் எழுதி வைத்திருப்பவர்கள் இரண்டுபேரும் பின்னால் தலையைச் சொறியவேண்டியதுதான்.

படத்துக்குக் கீழே என்ன எழுதலாம்

தமிழ் வார இதழ்கள் ஒரு நல்ல வழக்கத்தைப் பலகாலமாக வைத்திருக்கின்றன. கேமராக்காரர் பெயருக்கு முன் 'படங்கள்', வரைந்தவர் பெயருக்கு முன் 'ஓவியம்'. இணையத்தில் வந்து சேர்ந்த இரண்டு குறிப்புகளைத்தான் கவனிக்கவேண்டும். 'கோப்புப் படம்' என்றால் நிஜமாக எடுத்தது, ஆனால் இந்த நிகழ்ச்சியில் எடுத்தது அல்ல. 'மாதிரிப் படம்' என்றால் செய்திக்கும் படத்துக்கும் நேர்த்தொடர்பே இல்லை, இல்லஸ்ட்ரேஷன் என்று கொள்ளலாம்.

முன்பு மாதிரிப் படம் என்றால் ஏதோ ஒரு ஆம்புலன்ஸ், ஏதோ ஒரு கைவிலங்கு. அதுவும் எங்கோ எடுத்ததுதான். இப்போது அதே குறிப்பின்கீழ் ஏஐ செய்த கூட்டமும் ஏஐ செய்த விபத்தும் வந்துவிடுகின்றன. 'மாதிரி' என்ற சொல் வேலையைச் சொல்கிறது, பிறப்பைச் சொல்லவில்லை. மேலே சொன்ன முதல் கேள்வி அப்படியே தொங்குகிறது. உதிர்ந்துபோன வினையைத் திரும்பக் கொண்டுவந்தால் பிரச்சினை தீரும்: எடுத்த படம், வரைந்த படம், கணினி உருவாக்கிய படம். எல்டாக்சன் தன்னுடையதற்கு 'ப்ராம்ப்டோகிராபி' என்ற பெயரை முன்வைத்தார் (ப்ராம்ப்ட் என்பது ஏஐக்கு எழுதிக் கொடுக்கும் கட்டளை). தமிழில் அதற்குப் புதுச்சொல் அச்சடிக்கவேண்டிய அவசியம் வராது. "ஏஐல போட்ட படம்" என்று பையன்கள் ஏற்கெனவே சொல்லத் தொடங்கிவிட்டார்கள், அவர்களில் யாரும் அதை 'எடுத்தது' என்று சொல்வதில்லை.